பிஸ்கற் ரின்னுக்குள் அடங்கும் துவக்குப் பராமரிப்பு

வன்னியில் பயிர்க்காவல் துவக்குக்கு வேலை வரும் காலமும் மழைக்காலமும் ஒன்றுதான். ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் மார்கழி, தை மாதங்களில் குடலையும் பாலுமாக நிற்கும்போதுதான் பன்றி இறங்கும். அதே நாட்களில்தான் வாடைமழை. ஆண்டின் ஒன்பது மாதம் பெட்டிக்குள் கிடந்த இரும்பு, மிச்ச மூன்று மாதமும் காவல் கொட்டிலின் ஈரத்தில், பனியில், சேற்றுக் கையில் கிடக்கும். நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ ஒரு துவக்கு பழுதாகிப்போனதென்றால், அநேகமாக அது சுட்டுத் தேய்ந்ததாக இருக்காது. துருப்பிடித்ததாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு விசயத்தை முடித்துவிடுவது நல்லது. தோட்டா விலை ஏறும்போதெல்லாம், வெற்றுக்கூட்டைத் திரும்ப நிரப்பினால் என்ன என்ற பேச்சு வரும். வெளிநாடுகளில் அதற்கென்றே கைக்கருவிகள் விற்கிறார்கள், உண்மைதான். அங்கே கூடு, கேப் (ஊசி அடித்ததும் தீப்பற்றுவது), மருந்து, வாட் (மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் உள்ள அடைப்பு), சன்னம் ஐந்தும் எந்த வகைக்கு எது என்று அச்சிட்ட அட்டவணைப்படி சேர்க்கப்படுகின்றன. அதில் ஒன்றை மாற்றினாலும் குழலுக்குள் எழும் அழுத்தம் மாறிவிடும். இங்கே அந்தப் பொருட்களும் இல்லை, அட்டவணையும் இல்லை, சட்டத்தில் இடமும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. குழல் வாயால் மருந்தை இடித்து நிரப்பும் இடியன் துவக்குக்குக் கரிமருந்தைச் சிரட்டையாலும் மூடியாலும் அளந்து பழகிய கை நம்முடையது. இன்றைய தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து அதே கொள்ளளவில் கரிமருந்தைவிடப் பலமடங்கு சக்தி கொண்டது. பழைய அளவு புது மருந்துக்குப் போனால் குழல் பிளக்கும். பிளப்பது முன்கட்டையைப் பிடித்திருக்கும் இடக்கைக்குப் பக்கத்தில். ஆகவே தோட்டா என்றால் கடைத் தோட்டா மட்டும்தான். செலவைக் குறைக்கும் வழி தோட்டாவில் இல்லை. இருக்கும் தோட்டாவும் இருக்கும் துவக்கும் கெடாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

அதற்கு வேண்டிய சாமான் முழுவதும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடங்கும். தடி மட்டும் வெளியே.

தடி என்பது ஒரு மீற்றர் நீளமான, 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை மரத்தடி. வன்பொருள் கடையில் திரைச்சீலைக்கு விற்பதே போதும். ஒரு முனையில் நான்கு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வாளால் பிளந்தால் துணியைச் செருகலாம். பித்தளைத் தடி மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிக் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டிடக் கம்பி வேண்டாம். அது குழல் வாயின் ஓரத்தை இடித்துக் காயப்படுத்தும். அதன் துரு குழலுக்குள் உதிர்ந்து, துணியோடு சேர்ந்து அராவும்.

இரண்டாவது, இழுகயிறு. உண்மையில் தடியைவிட அதிகம் உதவுவது இதுதான், சட்டைப் பைக்குள்ளும் போகும். இரண்டு மீற்றர் முறுக்கிய நைலோன் கயிறு. ஒரு முனையில் விரல் தடிப்புள்ள ஈயக்குண்டு, வலைக்குக் கட்டுவது. மறுமுனையில் துணி கோர்க்க ஒரு சுருக்கு. முல்லைத்தீவுக் கரையில் இந்தச் சாமான் எதற்கும் அலையத் தேவையில்லை. துவக்கை மடக்கி, பின்வாயால் ஈயக்குண்டை விட்டால் குழல் வாயால் விழும். பிறகு இழுப்பது ஒன்றுதான் வேலை. கயிற்றின் நடுவில் முடிச்சு இருக்கக் கூடாது. இற்றுப்போன கயிறும் கூடாது, உள்ளே அறுந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

துணி பருத்தியாக இருக்கவேண்டும். பழைய சாரம் அல்லது வேட்டி. பொலியெஸ்ரர் எண்ணெயை உறிஞ்சாது, அழுக்கையும் எடுக்காது. பத்துக்குப் பத்து சென்ரிமீற்றரில் ஒரு ஐம்பது துண்டு வெட்டி வைத்து, தீரத்தீர மேலும் வெட்டிக்கொள்ளலாம். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர் (போர் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும்). ஆனால் முழுச் சோக் (வாயடி ஒடுக்கம்) உள்ள குழல் வாய்க்கு வருமுன் கடைசிச் சில சென்ரிமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் அளவு ஒடுங்கும். நடுக்குழலில் வழுக்கிக்கொண்டு வரும் துணி அந்த இடத்தில் இறுகுவது இதனால்தான். இழுக்கும்போது ஒரு பிடிமானம் தெரியவேண்டும், அவ்வளவுதான். உடம்பை வளைத்து இழுக்கவேண்டி வந்தால் துணி தடிப்பு, சின்னதாக வெட்டுங்கள். மாட்டியே விட்டால் இரண்டு பக்கத்தாலும் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, தடியால் வந்த வழியே திருப்பித் தள்ளலாம். வெடி வைத்து வெளியேற்றலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குழல் வீங்கிப்போவதும் வெடிப்பதும் இப்படித்தான்.

வெண்கலக் கம்பித் தூரிகை ஒன்று, 12 போருக்கென்று விற்பது. இதற்கு மாற்றுச் சாமான் சொல்ல முடியாது, வாங்கவே வேண்டும். பழைய பல்தூரிகை ஒன்று. மண்ணெண்ணெய் ஒரு மருந்துக் குப்பி. தையல் மெசின் எண்ணெய் ஒரு குப்பி. விரல்நுனி அளவு கிறீஸ், ஒரு சின்ன மூடிக்குள். மிக மெல்லிய இரும்புப் பஞ்சு, நாலு சைபர் என்று கேட்டு வாங்குவது. ஒரு சிறிய ரோச்.

எண்ணெயில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். தேங்காயெண்ணெய் வீட்டில் இருக்கிறதென்று பூசுவார்கள். அது 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். தை மாத விடியற்காலையில் வவுனியாவில் குளிர் அதற்குக் கீழே போவது வழமை. உறைந்த எண்ணெய் கேப்பை அடிக்கும் ஊசியை இழுத்துப்பிடிக்கும், அடி மெதுவாக விழும், தோட்டா வெடிக்காது. சில மாதத்தில் சிக்குப்பிடித்து, காறல் மணத்தோடு பிசினாகவும் மாறும். உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய கழிவு ஒயில் அதைவிட மோசம், அதில் எரிந்த கசடும் அமிலமும் கலந்திருக்கும். மண்ணெண்ணெய் கழுவத்தான் உதவும், துருவிலிருந்து காக்க உதவாது. காய்ந்ததும் இரும்பு மொட்டையாக நிற்கும். கழுவ மண்ணெண்ணெய், பூச மெசின் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் போதும். பூசுவது என்றால் விரலால் தொட்டால் ஈரம் தெரியவேண்டும், வழியக் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் துவக்கை மடக்கி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்கவேண்டும். இருட்டில், நித்திரைக் கண்ணோடு, "நான் இறக்கிவிட்டேன்" என்ற நினைப்பை நம்பக் கூடாது. தோட்டாக்களைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிடங்கிலிருந்து (தோளில் அணைக்கும் மரப்பாகம்) பிரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்குழலில் இது அரை நிமிட வேலை.

சுட்ட நாளென்றால், முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியொன்றைப் பின்வாயிலிருந்து முன்வாய்க்கு இழுங்கள். எப்போதும் இந்தத் திசையில்தான். எதிர்த்திசையில் இழுத்தால் கரியெல்லாம் தோட்டா அறைக்குள்ளும் பூட்டுக்குள்ளும் வந்து சேரும். பத்து நிமிடம் ஊறவிட்டு, தூரிகையைப் பத்துத் தரம் முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். நடுக்குழலில் திசை மாற்றாமல் வெளியே வந்த பிறகே திருப்பவேண்டும். பிறகு உலர்ந்த துணிகள், வெள்ளையாக வரும்வரை. மூன்று அல்லது நாலு துணி போகும். குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் அது பிளாஸ்ரிக் வாட் உருகி ஒட்டியது. தோட்டா அறைக்கு முன்னாலும் சோக்கிலும் வெள்ளி போல மினுங்கினால் ஈயம். இரண்டுக்கும் தூரிகையும் பொறுமையும்தான் மருந்து. அவசரப்பட்டு சாண்ட் பேப்பரைத் தடியில் சுற்றிவிட்டால் அந்தக் குழல் அதற்குப் பிறகு இன்னும் கெதியாகத் துருப்பிடிக்கும்.

வானத்தைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். நல்ல குழலுக்குள் ஒளி வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் நிழல் விழுந்து வட்டம் நெளிந்தால் வெளியே எங்கோ அடிபட்டுக் குழி விழுந்திருக்கிறது. சுற்றிவரக் கறுத்த வளையமாகத் தெரிந்தால் அது வீக்கம். முன்பொரு தரம் சேறோ துணியோ அடைத்திருக்க வெடி வைத்ததின் அடையாளம். வீக்கம் கண்ட குழலால் சுடக் கூடாது. பழுது பார்க்க உரிமம் உள்ளவரிடம்தான் காட்டவேண்டும். ஊர்ப் பட்டறையில் தட்டி நேராக்குவது வேலைக்கு உதவாது, சட்டத்துக்கும் உதவாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இந்த நாட்டில் துவக்கு அனுமதிக்கு அடிப்படை.

தோட்டா அறைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஈரக்கையால் தோட்டாவைப் போட்டு எடுக்கும் இடம் அது. வியர்வையின் உப்பு அங்கேதான் தங்கும். அறையில் துருப்புள்ளி விழுந்தால், சுட்டவுடன் விரியும் கூடு அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வராது. கத்தி முனையால் கிண்டி எடுப்பார்கள், விளிம்பு கீறிப்போகும். அப்படிச் செய்யாமல், குழல் வாயால் தடியை விட்டு மெதுவாகத் தட்டுவதுதான் சரி. அது சுட்ட கூடு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். வெடிக்காத தோட்டா இறுகியிருந்தால் தடியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

ஊசி வெளிவரும் துளையைச் சுற்றிக் கேப்பின் கரி படியும். பல்தூரிகையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, உலரவைத்து, எண்ணெய் ஒரே ஒரு துளி. கூடவிட்டால் தூசியும் எண்ணெயும் கூழாகி ஊசியைத் தடுக்கும். ஊசியின் முனை உருண்டையாக, வழவழப்பாக இருக்கவேண்டும். கூராகவோ உடைந்தோ இருந்தால் கேப்பைத் துளைத்து, புகையும் நெருப்பும் முகத்துக்கே திரும்பும். குழல் மடியும் கொக்கியில் அரிசிமணி அளவு கிறீஸ் போதும்.

எல்லாம் பூட்டுமுன் ஒரு சோதனை. முன்கட்டை இல்லாமல் குழலையும் பிடங்கையும் மட்டும் பூட்டி, காதருகே ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் பூட்டுத் தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்வாய்க்கும் அதன் தாங்கு முகத்துக்கும் இடையே கோடாக ஒளி தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அந்தத் துவக்கைச் சுவரில் மாட்டிவையுங்கள், வயலுக்கு வேண்டாம்.

துடைத்து முடித்த துவக்கை முதல் இரவு குழல் வாய் கீழே இருக்க, ஒரு பலகைத் துண்டின் மேல் சாத்தி வைக்கவேண்டும். தலைகீழாக இருக்கிறதே என்று யாராவது நிமிர்த்தப் பார்ப்பார்கள், விடாதீர்கள். நிமிர்ந்து நின்றால் மிச்ச எண்ணெய் எல்லாம் பூட்டு வழியாகப் பிடங்கின் தலைக்குள் இறங்கும். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்த மரம் கறுத்து, மெத்தென்றாகி, அதிர்வில் வெடிக்கும். பழைய துவக்குகளில் பிடங்கு உடைந்து செப்புக்கம்பி சுற்றியிருப்பதன் காரணம் அநேகமாக இதுதான்.

சுடாத நாளுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் கொட்டிலிலிருந்து காலையில் வந்ததும் வெளிப்புறம் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருதரம் தடவி, குழலுக்குள் ஒரு துணி இழுக்கவேண்டும். ஐந்து நிமிடம். அளம்பில், கொக்கிளாய்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு இருப்பதால் இதை ஒருநாள் விட்டாலும் மறுநாள் செம்மஞ்சள் பொடி தெரியும். மேற்பரப்பில் மட்டும் படிந்த துருவை இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தால் போகும், இரும்பின் மேலுள்ள நீலப்பூச்சு மிஞ்சும். கையில் பிடித்த இடங்களில் விரல் அடையாளமாகவே துரு எழும்புவதைப் பார்க்கலாம்.

பழைய இருப்பிலிருந்து வந்த, கேப்பின் மருந்து என்னவென்று தெரியாத தோட்டாவைச் சுட்டிருந்தால் எண்ணெய்க்கு முன் வெந்நீர் வேண்டும். அந்தக் காலக் கேப்புகள் சில உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கும், எண்ணெயில் கரையாது. குழலை மட்டும் பிரித்து, புனல் வைத்து ஒரு கேத்தில் கொதிநீரைப் பின்வாயால் ஊற்றினால் கரைந்து போய்விடும். குழல் சூடேறித் தானாகவே காயும். சூடு ஆறுமுன் எண்ணெய்த் துணி இழுத்துவிடுங்கள்.

தோட்டாவுக்கு வருவோம். 12 போர் என்று மட்டும் கேட்டு வாங்குவது காணாது. தோட்டா அறையின் நீளம் பழைய துவக்குகளில் 65 மில்லிமீற்றர், பின்னால் வந்தவற்றில் 70. குழலின் அடியில் பொறித்திருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்ட பிறகு விரிந்த கூட்டின் நீளம். அதனால் சுடாத 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாகப் போய்விடும், துவக்கும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுக்கத்தை நெரிக்கும், அழுத்தம் ஏறும். "போகுதுதானே, சரிதானே" என்ற கணக்கு இங்கே பிழைக்கும். குழலில் பாய்முடைந்தது போல அலையலையான கோலம் தெரிந்தால் அது டமஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவுக்கு அது வேண்டாம்.

20 போர் தோட்டா ஒன்றும் 12 போர் தோட்டாக்களோடு ஒரே பையில் கிடக்கக் கூடாது. அது 12 போர் அறைக்குள் வழுக்கி முன்னே போய் நின்றுவிடும். பின்னால் அறை வெறுமையாகத் தெரியும். இன்னொரு தோட்டாவைப் போட்டு வெடிவைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். இரவில் மஞ்சள் தெரியாது.

தோட்டாவை இறுக்கமான மூடியுள்ள ரின்னில், துவக்குக்கு வேறாக, பூட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் ஈரம் வராது என்று நினைப்பது தவறு. சூட்டில் மருந்து கெடும். கடதாசிக் கூடு நனைந்தால் ஊதும், பிறகு அறைக்குள் போகாது. பிளாஸ்ரிக் கூடு ஊதாது, ஆனால் அடிப்பாகம் பல வகைகளில் பித்தளை பூசிய இரும்புதான். துருப்பிடித்தது, பச்சை பூத்தது, கேப் உள்வாங்கியது, குலுக்கினால் சத்தம் மாறுவது என்று எதைக் கண்டாலும் வேறாக்கி பொலிசில் ஒப்படைக்கவேண்டும். வெயிலில் காயவைத்துப் பார்ப்பதும் கிணற்றில் போடுவதும் வேண்டாம்.

வரம்பு வெட்டும்போதோ காடு வெளியாக்கும்போதோ கிடைக்கும் எந்தத் தோட்டாவும் இந்தக் கணக்கில் சேராது. எங்கள் மண்ணுக்குள் இன்னும் என்னென்ன கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தொடாமல், ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து, வந்த காலடியிலேயே திரும்பிப் போய் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ மிதிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லவேண்டும்.

வயலில் நடக்கும் பிழைகள் இரண்டுதான் பெரியவை. ஒன்று, விசையை இழுத்தும் வெடிக்காதது. துவக்கை உடனே மடக்காதீர்கள். குழலை ஆளில்லாத பக்கத்து நிலத்தை நோக்கிப் பிடித்தபடி ஒரு முழு நிமிடம் பொறுக்கவேண்டும். ஈரமான தோட்டா தாமதித்து வெடிக்கலாம். மடக்கிய நேரத்தில் வெடித்தால் பின்வாயால் வரும். மற்றது, வெடித்தும் "டப்" என்று மெல்லிய சத்தம், தோளில் உதை இல்லை. வாட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். பன்றி முன்னாலேயே நின்றாலும் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். மடக்கி, இறக்கி, ரோச் அடித்துக் குழலூடாகப் பார்க்கவேண்டும். இந்த இடத்தில்தான் இழுகயிறு சட்டைப் பையில் இருக்கவேண்டியது. வரம்பில் வழுக்கி விழுந்து குழல் வாய் சேற்றில் குத்தினாலும் இதே வேலைதான். விரல்நுனி அளவு சேறு போதும் குழலைப் பிளக்க. யானைக்குச் சன்னம் அடிப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அது அந்த இடத்திலேயே சாகாது, காயத்தோடு ஊருக்குள் திரும்பி வரலாம்.

அறுவடை முடிந்ததும் ஒருதரம் முழுதாகக் கழுவி, வழமையைவிட ஒரு பூச்சுக் கூடுதலாக எண்ணெய் போட்டு, குழலையும் பிடங்கையும் பிரித்தே வையுங்கள். கன்வஸ் உறைக்குள்ளும் தோல் உறைக்குள்ளும் நீண்டநாள் வைக்கக் கூடாது, இரண்டும் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு அணைத்து வைத்திருக்கும். பழைய பருத்தித் துணியால் தளர்வாகப் போர்த்தினால் போதும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும். பங்குனி தொடங்கி மண்குளவி கூடு கட்ட ஓட்டை தேடும். துவக்குக் குழலைவிட வசதியான ஓட்டை அதற்குக் கிடைக்காது. ஒரு கிழமைக்குள் மண்ணால் அடைத்துவிடும். துணியை அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கும், எடுக்க மறந்தால் ஆபத்தும் கூட. நுளம்பு வலைத் துண்டை இரண்டு வாயிலும் போர்த்தி றப்பர் வளையம் போட்டால் காற்றுப் போகும், குளவி போகாது. ஐப்பசியில் பூட்டுமுன் அந்த வலையைக் கழற்றி, ஈயக்குண்டை ஒருதரம் உள்ளே விட்டு, மறுபக்கத்தால் அது தடங்கலில்லாமல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.